பிரேம் கடைக் கணக்கு



மகன் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டு வந்த பட்டச் சான்றிதழ், மகளின் கலியாணப் போட்டோ, கஃபாவின் படம், நீங்களே மாதக் கணக்கில் குந்தியிருந்து தைத்த ஆயதுல் குர்ஸி. இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போகாத வீடு நம்மிடையே குறைவு. "நானா, இதற்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டதும் அவர் படத்தை விரிக்கிறார். அளவு நாடாவை உயரத்துக்கு ஒரு தரம், அகலத்துக்கு ஒரு தரம் வைக்கிறார். ஒரு கணம் கூரையைப் பார்க்கிறார். பிறகு ஒரு தொகையைச் சொல்கிறார். படம் வாங்கிய விலையைப் போல அது பத்து மடங்காக இருக்கும்.

நாமும் வழக்கம் போல, "கொஞ்சம் குறையுங்களேன்" என்போம். அவரும் வழக்கம் போல இருநூறு ரூபா குறைப்பார். அவர் சொன்ன தொகை நியாயமானதா, குறைத்த தொகை நியாயமானதா என்பது நமக்குத் தெரியாமலே காசு கைமாறிவிடும். அந்த ஒரு கணத்தில் கூரையைப் பார்த்து அவர் போட்ட கணக்கு என்ன என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம். பிரேம் போடக் கொடுப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து தைத்து விற்கும் நம் சகோதரிகளுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன இரகசியம். இத்தொழிலில் பல இடங்களில் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் எண்ணை வைத்தே விலை சொல்வார்கள். 16 அங்குலத்துக்கு 20 அங்குலப் படம் என்றால் கூட்டுத்தொகை 36. ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு என்று ஒரு விலை மனதில் இருக்கும். அதைப் பெருக்கினால் முடிந்தது. சிலர் இதையே ஓர் அட்டவணையாக எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார்கள். அட்டவணை படிப்படியாக ஏறும். 36 வரை ஒரு விலை, அதைத் தாண்டினால் 40க்கான விலை என்று. ஆகவே கூட்டுத்தொகை ஓர் அங்குலம் கூடிப்போய் அடுத்த படிக்கு ஏறிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையை அரை அங்குலம் ஒடுக்கினால் பழைய படிக்கே இறங்கிவிடலாம். சுவரில் மாட்டிய பிறகு அந்த அரை அங்குலத்தை எவரும் தேடப் போவதில்லை.

இந்தக் கூட்டல் முறை வசதியானதுதான், ஆனால் ஒரு கோணல் உண்டு. 18க்கு 18 சதுரப் படத்துக்கும் கூட்டுத்தொகை 36. 6க்கு 30 நீளப் படத்துக்கும் 36. சுற்றளவு இரண்டுக்கும் ஒன்றே. கண்ணாடியோ முதலாவதற்கு 324 சதுர அங்குலம், இரண்டாவதற்கு 180 மட்டும். ஒற்றை வரியில் நீளமாக எழுதிய அரபு எழுத்தணிகளை நம் வீடுகளில் கதவுக்கு மேலே மாட்டுகிறோம் அல்லவா? கூட்டல் முறையில் அவற்றுக்கு, போடாத கண்ணாடிக்கும் சேர்த்து விலை கட்டுகிறோம். பணிவாகச் சொன்னால் விளங்கிக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

இனி உள்ளே போவோம். பிரேமின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுற்றிவர வரும் கட்டைதான். சிலர் பீடிங் என்பார்கள், சிலர் மோல்டிங் என்பார்கள். மரத்திலும் வரும், மரம் போலத் தோன்றும் பிளாஸ்டிக் வகையிலும் வரும். கடைக்கு அது நீளக் கம்பாகத்தான் வந்து சேரும். 16க்கு 20 படத்தின் சுற்றளவு 72 அங்குலம். அப்படியானால் 72 அங்குலக் கட்டை போதும் என்று நாம் நினைப்போம். போதாது. நான்கு மூலைகளிலும் கட்டையைச் சரிவாக, 45 பாகையில் வெட்டிப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் கட்டையின் அகலமளவு நீளம் கூடுதலாகத் தேவை. நான்கு துண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஆக எட்டு முனை. எனவே சுற்றளவோடு கட்டையின் அகலத்தைப் போல எட்டு மடங்கைக் கூட்ட வேண்டும். இரண்டு அங்குல அகலக் கட்டையானால் 72உம் 16உம் 88 அங்குலம், அதாவது 7 அடி 4 அங்குலம். மூன்று அங்குல அகலக் கட்டையைத் தெரிவு செய்தால் 96 அங்குலம், எட்டு அடி. அகலமான கட்டைக்கு அடி விலையும் கூட, தேவைப்படும் அடியும் கூட. "கொஞ்சம் அகலமானதாகப் போடுங்கள், பார்வையாக இருக்கும்" என்று நாம் சொல்லும்போது விலை இரண்டு வழியாலும் ஏறுகிறது.

மிச்சக் கட்டை என்னவாகும்? கம்பு பத்து அடி என்று வைத்துக்கொள்வோம். 7 அடி 4 அங்குலம் போக மிஞ்சுவது 32 அங்குலம். அதே கட்டையில் 5க்கு 7 அளவான சின்னப் போட்டோவுக்கு ஒரு பிரேம் செய்வதற்கே 40 அங்குலம் வேண்டும். ஆகவே அந்த 32 அங்குலம் மூலையில் சாய்ந்து கிடக்கும்; அதே கட்டையைக் கேட்டு வேறொருவர் வந்து, புதுக் கம்பின் மிச்சத்தோடு சேர்த்து வெட்டும் வரை கிடக்கும். வராமலும் போகலாம். அந்தத் துண்டுக்குக் கடைக்காரர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். அதை யாருடைய பில்லில் சேர்ப்பது? நம்முடையதில்தான். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுக்கும் சேர்த்துத்தானே நாமும் கடையில் காசு கொடுக்கிறோம்? ஆனால் ஒன்று செய்யலாம். கடையில் சாய்ந்து கிடக்கும் துண்டுக் கட்டைகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் போட்டோவுக்கு அவற்றில் ஒன்று போதும் என்றால், விலை கணிசமாக இறங்கும். அவருக்கும் இடம் மிச்சம்.

கண்ணாடியின் கணக்கு வேறு. அது பரப்பைப் பொறுத்தது. 16க்கு 20 படத்துக்கு ஏறக்குறைய இரண்டேகால் சதுர அடி. உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்து 32க்கு 40 ஆக்கினால் ஏறக்குறைய ஒன்பது சதுர அடி. நான்கு மடங்கு! கட்டையோ இரண்டு மடங்கைக்கூட எட்டாது. 88 அங்குலம் 160 ஆகும், அவ்வளவுதான். பெரிய கண்ணாடி மெல்லியதாக இருந்தால் தன் பாரத்திலேயே உடையும் என்பதால் தடிப்பானதையும் போட வேண்டி வரும். வெட்டும்போது ஒன்று கீறி உடைந்தால் அதுவும் கடைக்காரர் தலையில்.

மவுண்ட் அட்டை, பின்பலகை, கொக்கி, பசை, நாடா எல்லாம் சில்லறைச் செலவுகள். அவற்றைக் கடந்து போவோம். மவுண்ட் அட்டை பற்றி மட்டும் கடைசியில் வேறொரு காரணத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். கட்டை ஒரு முழுக் கம்பு 2,000 ரூபா. கண்ணாடி 450. மவுண்ட் 400. பின்பலகை 200. கொக்கி முதலானவை 100. மொத்தம் 3,150. இது சாமான் மட்டும்.

அடுத்து நேரம். கடைக்கு மாத வாடகை 40,000, பாஸின் சம்பளம் 60,000, மின்சாரமும் தொலைபேசியும் 10,000, வாள் தீட்டுவது, உடைவது, போக்குவரத்து 10,000 என்று கொள்வோம். ஒரு இலட்சத்து இருபதாயிரம். மாதம் 25 நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 200 மணித்தியாலம். ஆனால் அதில் பாதி நேரம் வந்தவர்களுக்குக் கட்டை காட்டுவதிலும், சாமான் வாங்கப் போவதிலும், சும்மா இருப்பதிலும் கழியும். உண்மையில் பிரேம் செய்வது 100 மணித்தியாலம்தான் என்றால், ஒரு மணித்தியாலத்துக்குக் கடையின் செலவு 1,200 ரூபா. நம்முடைய பிரேமுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போனால் 1,500. சாமானும் இதுவும் சேர்ந்து 4,650. இதில் முதலாளிக்கு இன்னும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு இலாபம் வைத்தால் 5,580. "என்ன, நாலு துண்டுக் கட்டைக்கு ஐயாயிரத்து ஐந்நூறா!" என்று நாம் வாயில் விரல் வைக்கும் விலை இப்படித்தான் வருகிறது.

ஆனால் எல்லாக் கடைக்காரரும் இப்படி மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. சாமான் விலையை இரண்டால் பெருக்கு, அல்லது மூன்றால் பெருக்கு என்று ஒரே வாய்பாட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் கட்டையை வாங்கிய விலையின் மூன்று நான்கு மடங்குக்கு விற்பது இத்தொழிலில் புதுமையான செய்தியே அல்ல. இந்த வாய்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது. கவனமாகப் பாருங்கள்.

சின்னப் பிரேம் ஒன்று; சாமான் 700 ரூபா. இரண்டால் பெருக்கினால் 1,400. ஆனால் சின்னதானாலும் நான்கு பக்கம், நான்கு மூலை, கண்ணாடி துடைப்பது, பின்பக்கம் ஒட்டுவது எல்லாம் உண்டு. ஒரு மணித்தியாலம் போய்விடும், அது 1,200. அவருடைய உண்மையான செலவு 1,900. 1,400க்கு விற்றவருக்கு 500 ரூபா நட்டம். இனி பெரியது; நல்ல மரக் கட்டை, பெரிய கண்ணாடி, சாமான் 12,000. மூன்றால் பெருக்கினால் 36,000. வேலை நேரமோ இரண்டரை மணித்தியாலம், 3,000. செலவு 15,000, மிச்சம் 21,000.

ஆகவே, சின்னப் பிரேமுக்குப் பேரம் பேசிக் கடைக்காரரைக் கசக்காதீர்கள். அங்கே அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டால் குறைத்துத்தான் தருவார். ஆனால் குறைத்ததைக் கண்ணாடியின் தடிப்பிலோ பின்பலகையிலோ எடுத்துக்கொள்வார். பெரிய பிரேமில் கேளுங்கள். அங்கே இடம் இருக்கிறது. நம்மவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. சின்னதுக்கு ஐம்பது ரூபாவுக்காக அரை மணி நேரம் நின்று கதைப்போம். கலியாண வீட்டுப் பெரிய படத்துக்கு, கௌரவம் கருதி, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவோம்.

"பாதி விலை" என்ற அறிவிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மைக்கேல்ஸ் என்று ஒரு பெரிய கைவினைப் பொருள் கடைத்தொடர் இருக்கிறது. பிரேம் வேலைக்குப் பாதி விலைக் கழிவு என்று அது விளம்பரம் செய்துகொண்டே இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, ஆண்டுக் கணக்கில். எந்நாளும் பாதி விலை என்றால் அந்த முழு விலை எப்போது இருந்தது என்று நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் கேட்டார். 2011 இல் அந்த நிறுவனம் 18 இலட்சம் டொலர் பெறுமதியான இணக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு பகுதி பாடசாலைகளுக்குக் கைவினைப் பொருட்களாகக் கொடுக்கப்பட்டது. கழிவு எவ்வளவு என்பது நமக்குத் தேவையில்லாத கேள்வி. கடைசியில் கையிலிருந்து போவது எவ்வளவு, அதற்கு என்ன கட்டை, என்ன கண்ணாடி என்பதை இரண்டு கடைகளில் கேட்டு ஒப்பிட்டால் போதும். ஒரே அளவு, ஒரே அகலக் கட்டை, மவுண்ட் உண்டா இல்லையா என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மாங்காயையும் தேங்காயையும் ஒப்பிட்ட கதையாகிவிடும்.

இனி, வீட்டிலிருந்து தைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு.

துணி 600, நூல் 400, பிரேம் 3,500, மொத்தம் 4,500. "ஐயாயிரத்துக்குக் கொடுத்தேன், ஐந்நூறு இலாபம்" என்று சந்தோஷப்படுவோர் உங்களில் பலர். அந்தத் தையலுக்கு நாற்பது மணித்தியாலம் போயிருந்தால், உங்கள் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி பன்னிரண்டரை ரூபா. பிரேம் கடைக்காரர் கட்டை வெட்டிய ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா வைத்தார்; வைத்தது சரி. உங்கள் நாற்பது மணித்தியாலத்துக்கு நீங்கள் 500 வைத்தீர்கள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கடியில் இருந்து செய்த வேலை அது. இதைக் குடும்பத்தார் "பொழுதுபோக்கு" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பொழுது போக்குவதற்கு நமக்கு ஏது பொழுது?

நேரத்தைக் குறித்து வையுங்கள். கொப்பியின் கடைசித் தாளில், இன்று இரண்டு மணி, நேற்று ஒன்றரை மணி என்று. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கூலியை நீங்களே நிச்சயியுங்கள். உங்கள் ஊரில் தையல் மெஷினில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதை விடக் குறையாமல். தையலின் விலையையும் பிரேமின் விலையையும் வேறு வேறாகச் சொல்லுங்கள். பிரேம் போட்டுக் கொடுப்பதானால் கடைக்குக் கொடுத்ததோடு இன்னும் கொஞ்சம் வையுங்கள். போய் வந்த பஸ் காசு, வழியில் கண்ணாடி உடைந்தால் வரும் நட்டம், முன்கூட்டியே போட்ட முதல், எல்லாம் அதில் இருக்கிறது. விலையைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால், பிரேம் இல்லாமல் தையலை மட்டும் கொடுக்கலாமே.

இன்னொரு பெரிய மிச்சம் இருக்கிறது. அது முதல் தையல் போடுவதற்கு முன்னே செய்ய வேண்டியது. 8க்கு 10, 12க்கு 16, 16க்கு 20 போன்ற வழக்கமான அளவுகளில் செய்து வைத்த பிரேம்கள் புறக்கோட்டையிலும் ஊர்க் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கின்றன. மொத்தமாகச் செய்வதால் அவற்றில் துண்டு வீணாவதில்லை, கூலியும் குறைவு. பிரேமை முதலில் பார்த்து, அதன் உள்ளளவுக்கு ஏற்றபடி துணியில் கோடிட்டுவிட்டுத் தைக்கத் தொடங்குங்கள். 13க்கு 17 என்று மனம் போனபடி தைத்துவிட்டால் அதற்கென்றே வெட்டிச் செய்ய வேண்டும். அந்த ஓர் அங்குலத்துக்காக இரண்டு மடங்கு கொடுப்பீர்கள். துணியைச் சுற்றிவர இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விடவும் மறக்காதீர்கள். பின்னால் மடித்து இழுத்துக் கட்ட அது வேண்டும்.

மவுண்ட் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பலவற்றில், மௌத்தான வாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு போட்டோதான் மிஞ்சியிருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்துபோன கிழக்குக் கரையோர ஊர்களிலும் இதே கதைதான். அப்படியொரு போட்டோவைப் பிரேம் போடக் கொடுக்கும்போது மலிவு பார்க்க வேண்டாம். மலிவான வேலையில் போட்டோவைப் பசை பூசி நேரே பலகையில் ஒட்டிவிடுவார்கள். பிறகு எடுக்க முடியாது. முன்னால் கண்ணாடி போட்டோவைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம் நாட்டு ஈரக் காற்றில் போட்டோவின் மேற்படை இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போகும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மவுண்ட் அட்டை வெறும் அழகுக்கல்ல. போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் இடையே அது ஒரு சிறு இடைவெளியைக் கொடுக்கிறது. அதற்கு அவர் கேட்கும் காசைக் கொடுங்கள். அமிலமற்ற அட்டை கிடைக்குமா என்றும் கேளுங்கள். சாதாரண அட்டை காலப்போக்கில் போட்டோவைப் பழுப்பாக்கும். எல்லாவற்றையும் விட நல்லது, ஸ்கேன் பண்ணி ஒரு பிரதி எடுத்துப் பிரதிக்குப் பிரேம் போடுவது. அசலை வெயில் படாமல் உறையில் வையுங்கள். ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய போட்டோ வீட்டில் இருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம்.

வேலை முடிந்து எடுக்கப் போகும்போது, பொதி கட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் விரலால் தடவுங்கள்; வெட்டு சேராமல் இடைவெளி இருந்தால் விரல் சொல்லிவிடும். கண்ணாடிக்கு உள்ளே தூசி, முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் நாடா ஒட்டி மூடியிருக்கிறதா? இல்லையென்றால் பூச்சி போகும். பற்றுச்சீட்டும் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கட்டை, கண்ணாடி, மவுண்ட், கூலி என்று நான்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிலர் தயங்குவார்கள். எழுதித் தருபவரின் கடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கலியாணத்துக்கும் அங்கேயே போகலாம்.